எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலா?



டிசம்பர் மாதத்துப் பௌர்ணமி தினத்தில் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்குகின்றது. அது மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கும். அந்த மாதங்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை நோக்கி வேன்களும் பஸ்களும் இரவு பகலாக ஓடும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு வரும் வாகனங்களும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். மழையிலும் சேற்றிலும் வந்த வாகனங்களைக் கழுவிக் கொடுப்பது இப்பகுதியில் பலருக்கு வருமானம் தருகின்ற வேலை. ஒரு குழாய், இரண்டு வாளி, ஒரு தூரிகை, ஒரு போத்தல் திரவம் இருந்தால் தொடங்கிவிடலாம். கடன் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே பெண்களும் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்களுள் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களும் உள்ளனர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் வன்னி மண்ணிலே பிறந்து வளர்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தபோது கணவனையோ, கால் கையையோ, காணியையோ இழந்த பெண்களில் சிலர் மீண்டும் தோட்டத்து உறவினரின் லயத்துக்கே வந்து சேர்ந்தனர். தோட்டத்தில் பதிவில்லாதவருக்கு நிரந்தர வேலை கிடைப்பது கடினம். வாகனம் கழுவுவதற்குப் பதிவு தேவையில்லை.

இம்மாதம் இந்த வேலையில் ஒரு சிறிய விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் 'எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் திரவம்' என்று விற்கப்படும் போத்தலைக் கொண்டு வாகனத்தின் சில்லைக் கழுவலாமா? ஒரு வரியில் சொன்னால், கழுவலாம். ஆனால் தண்ணீர் கலந்து, ஆறிய சில்லில், கையுறையோடு, காய்வதற்கு முன் அலசிவிட வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் நட்டம் எமக்குத்தான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் எவரும் எம்மை ஏமாற்ற முடியாது.

சில்லில் படிவது என்ன?

வாகனத்தின் உடலில் படிவது பெரும்பாலும் தூசியும் சேறும். சில்லில் அவற்றோடு இன்னொன்றும் படிகின்றது. அதுதான் பிரேக் தூள். பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் பட்டை இரும்புத் தட்டோடு உரசுகின்றது. அந்த உரசலில் பட்டையும் இரும்பும் சிறிது சிறிதாகத் தேய்ந்து சூடான துகள்களாகப் பறந்து சில்லிலே ஒட்டிக்கொள்கின்றன. நாள் செல்லச் செல்ல அந்த இரும்பு துருப்பிடித்துச் செம்மஞ்சள் புள்ளிகளாக மாறிவிடும்.

மலைநாட்டு வாகனங்களில் இது அதிகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வேனும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் வேனும் வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தாக வேண்டும். ஆகவே முன் சில்லுகள் கறுத்துப் போகும். ஓட்டோக்களில் பிரேக் ஒரு மூடிய உருளைக்குள் இருப்பதால் வெளியே வரும் தூள் குறைவு. அவற்றின் சில்லில் இருப்பது சேறும் எண்ணெய்ப் பிசுக்குமே. ஓட்டோவுக்கும் வேனுக்கும் ஒரே மாதிரிக் கழுவல் தேவையில்லை என்பது இதனால்தான்.

பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பதுண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஆகவே காய்ந்த பிரேக் தூளைத் துடைப்பத்தால் தட்டவோ, காற்றடித்து ஊதவோ கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்த பின்னரே தூரிகையைத் தொடுங்கள்.

'எல்லாவற்றுக்கும்' என்றால் என்ன?

புளிப்பான எலுமிச்சஞ்சாறு ஓர் அமிலம். வழவழப்பான சவர்க்காரத் தண்ணீர் ஒரு காரம். இரண்டுக்கும் நடுவே சுத்தமான தண்ணீர் இருக்கின்றது. இதை அளப்பதற்கு 0 முதல் 14 வரை ஓர் அளவுகோல் உண்டு. அதனைப் பி.எச். என்பார்கள். 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப்போக அமிலம் கூடும். மேலே போகப்போகக் காரம் கூடும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவங்கள் 2க்கும் கீழே இருப்பதுண்டு. கோஸ்டிக் சோடாக் கரைசல் 14ஐ நெருங்கும். பாத்திரம் கழுவும் திரவம் நடுநிலைக்கு அருகில் இருக்கும். எல்லாவற்றுக்கும் என்று விற்கப்படும் திரவங்கள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. பிசுக்கை உடைப்பது அந்தக் காரமே.

எமது தோலிலும் எண்ணெய் உண்டு. அந்தக் காரம் சில்லின் பிசுக்குக்குச் செய்வதைத்தான் எமது கைக்கும் செய்கின்றது. திரவம் பட்டவுடன் விரல்கள் வழவழவென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். அது கை சுத்தமானதன் அடையாளமன்று. தோலின் எண்ணெய் கரையத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். காரத்தால் ஏற்படும் புண் ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கலாம். எரிச்சல் தெரியும்போது தோல் வெகுதூரம் கெட்டிருக்கும்.

இங்கே ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வன்னியில் பிறந்தவர். 2009இல் ஷெல் துண்டு பட்டு வலது முன்கையில் காயம். காயம் ஆறிவிட்டது. ஆனால் நரம்பு அறுந்ததால் சுண்டுவிரலிலும் அதற்கடுத்த விரலிலும் உள்ளங்கையின் ஓரத்திலும் உணர்ச்சி இல்லை. ஹட்டனுக்கு அருகே நாத்தனாரோடு சேர்ந்து வேன் கழுவுகிறார். நான் அவரைச் சந்தித்தபோது அந்த இரண்டு விரல்களிலும் தோல் உரிந்து ஈரப்புண்ணாக இருந்தது.

"மிஸ், எல்லாத்துக்கும் பாவிக்கலாம்னு கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தாரு. நாத்தனாருக்குக் கை எரியுதுன்னு அவ அடிக்கடி கழுவிக்கிட்டா. எனக்கு எரியல. அதனால நான் கழுவல" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாமே அடங்கியிருக்கின்றது. எரிச்சல் என்பது உடம்பு எமக்குத் தரும் எச்சரிக்கை. யுத்தம் அந்த எச்சரிக்கையையே அவருடைய கையிலிருந்து பறித்துவிட்டது. உங்களில் ஷெல் காயம், சூட்டுக் காயம், எரிகாயம் பட்டவர்கள் இருப்பீர்கள். நீரிழிவு நோயால் கால் விரல்கள் மரத்துப் போனவர்களும் இருப்பீர்கள். உணர்ச்சி குறைந்த இடத்தைக் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பும், நடுவிலும், முடிந்த பின்பும் அந்த இடத்தைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ, சுருங்கியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ அன்றைய வேலையை நிறுத்துங்கள். சில்லு சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அந்தக் கையை உபயோகிக்காதீர்கள். சில துளி தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உடனே ஆவியானால் சில்லு இன்னும் ஆறவில்லை.

அச்சகோதரி வைத்தியரிடம் காட்டி மருந்து எடுத்தார். புண் ஆறும் வரை வாகனத்தின் உட்பகுதியைத் துடைக்கும் வேலையை மட்டும் செய்தார். இப்போது முழங்கை வரையிலான றப்பர் கையுறையோடு சில்லுக் கழுவுகிறார்.

ஆண்கள் வேலை செய்யும் பெரிய சேர்விஸ் நிலையங்களில் றப்பர் பூட்ஸ், ஏப்ரன் என்று சிலவாவது கொடுக்கப்படுகின்றன. பெண்கள் கழுவும் இடத்தில் அவை இல்லை. கழுவுவதும் துடைப்பதும் பெண்ணுக்குப் பிறவியிலேயே தெரிந்த வேலை, அதற்குப் பயிற்சி எதற்கு, கையுறை எதற்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம். வீட்டில் செய்த வேலையைத் தெருவில் செய்து பணம் வாங்கும்போது அது தொழில். தொழிலுக்கு உரிய பாதுகாப்பை நாமும் எதிர்பார்க்க வேண்டும்.

சில்லைப் பார்த்துத் திரவம்

சில்லுகள் எல்லாம் ஒன்றல்ல. பெயின்ட் அடித்த இரும்புச் சில்லு முரடானது. தண்ணீர் கலந்த திரவத்தைத் தாங்கும். 'அலோய்' சில்லு அலுமினியக் கலவையால் ஆனது. அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு இருக்கும். பூச்சு நன்றாக இருந்தால், நன்கு நீர்த்த திரவத்தைச் சிறிது நேரம் தாங்கும். பூச்சு உரிந்திருந்தாலோ, பூச்சே இல்லாமல் மினுக்கிய அலுமினியமாக இருந்தாலோ இந்தத் திரவம் வேண்டாம். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய படலம் கடும் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். பின்னர் வெள்ளைத் திட்டுக்கள் விழுந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அவை போகா.

2020 மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை ஏறியதால் உரிமையாளர்கள் ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் கண்ணும் கருத்துமாகப் பார்க்கப் பழகினார்கள். ஒரு சில்லில் திட்டு விழுந்தால் நட்டஈடு கேட்பார்கள். கழுவிச் சேர்த்த பல நாட்களின் பணம் ஒரே நாளில் போய்விடும். ஆகவே கழுவும் முன்பே சில்லைச் சுற்றிப் பாருங்கள். கீறலோ திட்டோ இருந்தால் சாரதியை அழைத்து, "அண்ணன், இது முன்னமே இருக்கு, பாத்துக்குங்க" என்று காட்டிவிடுங்கள்.

கழுவும் முறை

1. வாகனம் வந்தவுடன் சில்லில் கை வைக்காதீர்கள். இருபது முப்பது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான சில்லில் திரவம் உடனே காய்ந்து கறையாகும். அந்த நேரத்தில் உட்பகுதியைத் துடைக்கலாம்.

2. சில்லுக்கென்று தனி வாளி, தனித் தூரிகை, தனித் துணி வையுங்கள். அதிலுள்ள இரும்புத் துகள் வாகனத்தின் உடலில் பட்டால் பெயின்ட் கீறிவிடும்.

3. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சேற்றையும் தூளையும் இறக்குங்கள்.

4. சில்லுக்கு ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் போதும். டயரின் றப்பருக்கு ஒன்றுக்கு நான்கு. போத்தலில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தண்ணீரை முதலில் வாளியில் எடுத்து, அதற்குள் திரவத்தை ஊற்றுங்கள்.

5. உள்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில் சிறிது தடவி அலசிப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மட்டும் தொடருங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரு சில்லு. தடவி, மென்மையான தூரிகையால் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் நிறையத் தண்ணீரில் அலசிவிடுங்கள். நான்கு சில்லுக்கும் தடவிவிட்டு முதலாவதுக்கு வருவதற்குள் அது காய்ந்துவிடும்.

7. டயரை மினுக்கும் எண்ணெயைப் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். தரையில் படும் பகுதியிலோ, பிரேக் தட்டிலோ ஒரு துளியும் படக்கூடாது.

8. வாகனத்தை ஒப்படைக்கும்போது, மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் மிதிக்கும்படி சாரதியிடம் சொல்லுங்கள். நனைந்த பிரேக்கோடு எமது இறக்கங்களில் இறங்குவது ஆபத்து.

கணக்கையும் பாருங்கள். ஒரு லீற்றர் திரவம் பத்து லீற்றர் தண்ணீரோடு சேர்ந்து பதினொரு லீற்றராகின்றது. ஒரு வேனின் நான்கு சில்லுக்கும் ஒரு லீற்றர் கலவை தாராளம். ஆகவே ஒரு போத்தல் பத்து வேனுக்கு மேல் வரும். அப்படியே ஊற்றினால் இரண்டு மூன்று வேனோடு முடிந்துவிடும். மிச்சமாகும் காசில் ஒரு சோடி கையுறை வாங்கலாம். வாராவாரம் கழுவ வரும் சுத்தமான வாகனத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளியோ, வாகன ஷம்புவோ போதும்.

ஒருபோதும் வேண்டாதவை

துரு போகவில்லை என்று சிலர் மலசலகூட அமிலத்தைச் சில்லில் ஊற்றுகிறார்கள். அது சில்லையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். அதன் மேல் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றுவது இன்னும் பயங்கரம். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முகாம்களில் தண்ணீர்த் தாங்கியருகே மெல்லிய குளோரின் மணத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அதே குளோரினை முதலாம் உலக யுத்தத்தில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஆயுதமாக உபயோகித்தார்கள். அது காற்றை விடப் பாரமானதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். குனிந்து சில்லுக் கழுவுகின்ற பெண்ணின் மூக்கு அங்கேதான் இருக்கின்றது. ப்ளீச்சோடு அமோனியா உள்ள திரவத்தையும் கலக்காதீர்கள். அதிலும் நச்சு வாயு உண்டாகும்.

வாகன உலகில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்த சில்லுத் திரவங்களும் உண்டு. இது தோலில் பட்டவுடன் பெரிதாக வலிக்காமல் இருக்கலாம். உள்ளே ஊடுருவி உடம்பின் கல்சியத்தைப் பறித்து, இதயத்தையே பாதிக்கக் கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை கார், லொறி கழுவும் தொழிலாளரிடையே இந்த அமிலத்தால் 48 எரிகாயச் சம்பவங்களும் ஒரு மரணமும் பதிவாகின. சட்டமும் கண்காணிப்பும் உள்ள நாட்டில் இந்த நிலை. பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் யாராவது 'சூப்பர் வீல் திரவம்' என்று தந்தால் வாங்காதீர்கள். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்காதீர்கள். லயத்தில் ஒரே அறையில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

கையில் பட்டால் மோதிரம், காப்பு, நனைந்த உடுப்பு ஆகியவற்றைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். காரத்துக்கு எலுமிச்சை, அமிலத்துக்குச் சோடா என்று மாற்று மருந்து போடாதீர்கள். குடித்துவிட்ட பிள்ளையை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாயு அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுப் பக்கமாகத் திறந்த வெளிக்கு நகருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியருக்கு அதுவே பாதி விடை.

கழுவிய தண்ணீர் எங்கே போகின்றது?

மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓடைகள் மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் சேர்ந்து களனி கங்கையாகின்றன. தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயாவோடு மகாவலிக்குப் போகின்றது. கொழும்பு குடிப்பதும் களனித் தண்ணீரைத்தான். அதற்கு முன்பே, எமக்குக் கீழேயுள்ள லயத்துப் பீலியில் யாரோ ஒரு தாய் குடம் நிரப்புகிறார். ஆகவே பீலிக்கும் ஓடைக்கும் அருகில் கழுவாதீர்கள். கழுவும் இடத்தின் ஓரத்தில் குழி வெட்டி, சரளைக் கல்லும் மணலும் இட்டுத் தண்ணீரை அதில் இறக்குங்கள். மிதக்கும் எண்ணெயைத் தனியே எடுத்துவிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி வாகன சேர்விஸ் நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் சிறு கழுவுமிடத்துக்கு என்ன தேவை என்பதைத் தொழில் வளரும் முன்பே பிரதேச சபையில் கேட்டுவிடுங்கள்.

போத்தலின் பின்புறத்துச் சிறு எழுத்தில் இவற்றில் பல எழுதப்பட்டிருக்கும். அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் எமக்குத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். பாடசாலை செல்லும் மகளிடமோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பங்கு தண்ணீர், எதில் ஊற்றக்கூடாது, எதோடு கலக்கக்கூடாது என்ற மூன்றையும் தமிழில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத சகோதரிக்கு, பத்துக் கோடும் ஒரு கையுறைப் படமும் வரைந்தாலே போதும்.

நான் சொன்ன சகோதரியும் நாத்தனாரும் தங்கள் போத்தலில் அப்படியொரு துண்டை ஒட்டியிருக்கிறார்கள். அதில் நாம் சொல்லிக் கொடுக்காத நான்காவது வரி ஒன்றும் இருந்தது. 'கையப் பாரு' என்று நாத்தனார் எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.